கொளஞ்சியப்பர் கோயில் பிராது: ஒரு பழைய தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மதிப்பீடு

தலபுராணம் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் எழுத்து மூலமாகப் பிராது கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்த ஏற்பாட்டைப் பற்றிய மதிப்பீடு இது. நான் 31 வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். அதில் பெரும்பகுதி தபால் பிரிவிலும் மனுக்கள் பிரிவிலும் கழிந்தது. சாமியின் அருளை அளக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் ஒரு மனுவை எப்படி வாங்குகிறார்கள், அது எங்கே போகிறது, எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல்ல எங்கள் தெருவில் என்னை விட்டால் ஆள் இல்லை.

என் சொந்தக் காரியமாகப் போகவில்லை. அண்ணி கூப்பிட்டார்கள், போனேன். அண்ணிக்கு 71 வயது. அண்ணன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரே பையன், சிங்கப்பூரில் கட்டட வேலை. போன தடவை ஊருக்கு வந்தபோது பெண் பார்க்கிற விஷயத்தில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வார்த்தை தடித்துவிட்டது. திரும்பிப் போனவன் மாதம் பிறந்தால் பணம் அனுப்பிவிடுகிறான், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன் மட்டும் கிடையாது. இவர்கள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பதினாலு மாதமாக இதே கதை. "பேங்க் மெசேஜ் வந்தாத்தான் அவன் இருக்கான்னே தெரியுது தம்பி" என்பார்கள்.

எங்களுக்குச் சின்னசேலம் பக்கம். சேலம் விருத்தாசலம் லைனில் ரயிலேறினால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். ஜங்ஷனிலிருந்து கோயில் ஒன்றும் தூரமில்லை. ஆனால் எங்களுக்கு வாய்த்த ஆட்டோக்காரர் அண்ணியின் வயதையும் என் வெள்ளைச் சட்டையையும் பார்த்துவிட்டு இரண்டு மடங்கு கேட்டார். பேசாமல் கொடுத்தேன். "இவன் மேலயும் ஒண்ணு எழுதிப் போட்டுடலாமா" என்றார்கள் அண்ணி. ஒரு பிராதில் ஒரு கோரிக்கைதான் நல்லது என்று சொல்லி அடக்கினேன். அது எங்கள் ஆபீஸ் விதி, கோயில் விதி இல்லை.

மூலவர் முருகன்தான். ஆனால் முகம், கை, வேல் எதுவும் கிடையாது. பலிபீடம் மாதிரி இருக்கும் சுயம்புக் கல். கொளஞ்சிப் புதருக்குள் பசு போய்ப் பால் சொரிந்த இடம் என்று கதை. கொளஞ்சி என்றால் ஏதோ அபூர்வ மூலிகை என்று நினைத்துவிடாதீர்கள். நடவுக்கு முன்னால் வயலில் தழையாகப் போட்டு மிதிப்பார்களே, அந்தச் செடிதான். எனக்கு என்னவோ இந்த முகமில்லாத சாமி மனு கொடுப்பவர்களுக்குப் பெரிய வசதி என்று பட்டது. எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் போதும், ஜனங்கள் பாதியிலேயே கோரிக்கையை மாற்றிவிடுவார்கள். பட்டா கேட்டு வந்தவர் "சரிங்க, ஒரு நகலாவது கொடுங்க" என்று இறங்கி வருவதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். வேண்டியது ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. அச்சடித்த படிவம் தேவையில்லை. 'மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, இன்ன ஊரில் இருக்கும், இன்னாருடைய மகனோ மனைவியோ, இன்னார் எழுதிக்கொண்டது என்று பெயர் விலாசத்தோடு குறையை எழுத வேண்டும். எனக்குக் கை தானாகப் 'பொருள்', 'பார்வை' என்று போகப் பார்த்தது. பார்வையில் எதைப் போடுவது? இதற்கு முன் எங்களுக்கும் சாமிக்கும் கடிதப் போக்குவரத்து இல்லையே.

தலைப்பெல்லாம் எழுதிவிட்டு அண்ணியைப் பார்த்தேன்.

"போன் பண்ணணும்னு எழுதட்டுமா அண்ணி?"

"வேணாம். பண்ணுனா மட்டும் என்ன பேசப் போறோம், மறுபடி சண்டைதான்."

"ஊருக்கு வரணும்னு?"

"லீவு தருவானா? வேலை போயிடப் போவுது."

"கல்யாணம் கூடி வரணும்னு எழுதறேன்."

"அந்தப் பேச்சாலதானே எல்லாம்."

பேனாவை மூடிவிட்டேன். "அப்போ என்னதான் கேக்கறது?"

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்துத் தூணையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "அவன் சாப்பிடறானான்னு கேளு."

அங்கேதான் எனக்குள் இருந்த கிளார்க் விழித்துக்கொண்டான். இது கோரிக்கை மனுவே கிடையாது. 2005ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரவேண்டிய விண்ணப்பம். பத்து ரூபாய் கட்டினால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சாமிக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினேன்: 'மனுதாரரின் மகன் வெளிநாட்டில் மூன்று வேளையும் உணவு உட்கொள்கிறாரா என்ற விவரத்தை மனுதாரருக்குத் தெரியப்படுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "உட்கொள்கிறாரா வேணாம் தம்பி. மாத்திரை முழுங்கற மாதிரி இருக்கு. சாப்பிடறானான்னே போடு."

அடித்துவிட்டு மேலே எழுதினேன். அடித்தல் திருத்தல் உள்ள மனுவைச் சர்வீஸில் நான் எத்தனையோ பேரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், போய் வேறு எழுதிக்கொண்டு வா என்று. இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, மடியில் அட்டை. இந்தக் கோலத்தில் ஒருவன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? வரிசை கட்டிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஏழு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். இந்தப் பதிவை எழுதத் தோன்றியதே அந்த ஏழு பேரால்தான்.

ஒரு அம்மாவுக்கு ஆடு காணாமல் போயிருந்தது. வெள்ளாடு, இடது காதில் கிழிசல், சினை. 'சினை' என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னார். திருடியவன் யார் என்று அவருக்குத் தெரியும், ஆனால் பெயரைப் போட வேண்டாம் என்றார். "அவனுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது. ஆடு வந்தாப் போதும்." ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், நண்பனுக்குக் கொடுத்த 40,000 ரூபாயைக் கேட்டான். வட்டி வேண்டாம் என்று தனியாக ஒரு வரி. அவன் போன பிறகு ஒரு கல்லூரிப் பெண் வந்து பேனாவை மட்டும் கடன் கேட்டாள். தூணுக்குப் பின்னால் போய், இடது கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதி முடித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். மற்ற நாலு பேர் கேட்டது எப்போதும் வருகிற குடி, கடன், கோர்ட் கேஸ்.

மறக்க முடியாதவர் ஒரு பெரியவர். இருந்த இரண்டு ஏக்கரையும் மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சோறு இல்லை. எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. "ஐயா, இதுக்கு 2007லயே சட்டம் வந்திருக்கு, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு கொடுங்க. பராமரிக்கணும்னு பத்திரத்துல நிபந்தனை இருந்து அவன் செய்யலேன்னா, அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ண வழியிருக்கு" என்றேன்.

"அங்க கொடுத்தா அவனைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களா?"

"கண்டிப்பா. சம்மன் அனுப்புவாங்க."

"அப்ப வேணாம் சார். நீங்க இங்கயே எழுதுங்க."

எழுதினேன். மகனுக்கு நல்ல புத்தி வர வேண்டும், அவ்வளவுதான் வாசகம். எதிர்மனுதாரரைக் கூப்பிடாமல் விசாரிக்கிற ஒரே மன்றம் இதுதான் போலிருக்கிறது.

என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள், கடவுள் நேரில் வந்தால் என்ன கேட்பாய் என்று. டைனோசரை ஏன் அழித்தாய் என்று எழுதியிருந்தாள். நல்ல கேள்வி. ஆனால் அன்று நான் எழுதிய ஏழிலும் ஒரு 'ஏன்' கூட வரவில்லை. எனக்கு ஏன் இப்படி, அவனுக்கு ஏன் அப்படி என்று வாய்ப்பேச்சில் எல்லாரும் புலம்பத்தான் செய்தார்கள். தாளில் எழுதும் நேரம் வந்ததும் ஆட்டின் காது, தொகை, தேதி, சர்வே நம்பர் என்று இறங்கிவிட்டார்கள். தாளில் 'ஏன்' எழுதினால் வேலைக்காகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எழுதி முடித்தால் அடுத்தது கட்டணம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உங்கள் ஊர் கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டரோ, அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் காசு. ரூபாய்க் கணக்குக்கூட இல்லை, சில்லறைக் காசுக் கணக்கு. எதற்கு என்கிறீர்களா? பிராதை விசாரிக்கச் சாமி உங்கள் ஊர்வரை வந்து போக வேண்டாமா? பயணப்படி! டி.ஏ. பில் போடாத தெய்வம், முன்பணமாக வாங்கிக்கொள்கிறது. நான் 60 கிலோமீட்டர் இருக்கும் என்றேன். அண்ணி என் முழங்கையை இடித்தார்கள். "கூடவே சொல்லு. கொறைச்சு சொல்லி, சாமி பாதி வழியில நின்னுடப் போவுது." பிறகு, "சிங்கப்பூருக்கும் சேத்துக் கட்டணுமா?" என்று வேறு கேட்டார்கள். ஊர்க் கணக்கு போதும் என்று முடிவு செய்தோம். அண்ணி திருப்தியில்லாமல் உண்டியலில் தனியாக ஒரு நூறு ரூபாய் போட்டார்கள், கப்பலோ விமானமோ அது பார்த்துக்கொள்ளட்டும் என்று.

அப்புறம் தாளை அர்ச்சகரிடம் கொடுத்தால், சாமி பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்து, விபூதியோடு சேர்த்து மடித்து நூலால் கட்டித் திருப்பித் தருவார். அதைக் கொண்டுபோய் முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட வேண்டும். அதாவது உத்தரவு உள்ளே, நிறைவேற்றுவது வெளியே. கலெக்டர் கையெழுத்துப் போட்டாலும் ஊருக்கு வந்து அளப்பது சர்வேயர்தானே. முனியப்பர்தான் இங்கே சர்வேயர். அவர் எதிரே நின்று பார்த்தால் மடித்த தாள்களாக நூல் சுற்றித் தொங்குகின்றன. மடித்திருப்பதால் யாருடைய குறையும் யார் கண்ணிலும் படாது. அண்ணிக்கு விரல் நடுங்கியது, முடிச்சு விழவில்லை. நான் கட்டுகிறேன் என்றேன். மனுதாரர்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு, பல்லால் நூலைக் கடித்து இழுத்து அவர்களே கட்டினார்கள்.

இந்த மாதிரி வேறு இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அது ஆத்திரம் தீர வேண்டியவர்களுக்கான இடம், பக்கத்தில் நின்றாலே கண் எரியும். வடக்கே உத்தராகண்டில் அல்மோராவுக்குப் பக்கத்தில் கோலு தேவதா கோயில் இருக்கிறது. அங்கே ஸ்டாம்ப் பேப்பரிலேயே மனு எழுதித் தொங்கவிடுகிறார்கள். காரியம் முடிந்தால் மணி கட்டுகிறார்கள். யாத்திரை கோஷ்டியோடு போனபோது பார்த்தேன். இந்தி படிக்கத் தெரியாது, ஆனால் முத்திரைத்தாளை எந்த மொழியிலும் அடையாளம் கண்டுகொள்வேன். அங்கே போகிறவர்கள் நீதி கேட்டுப் போகிறார்கள். மணவாளநல்லூரில் பெரும்பாலும் பொருள் கேட்டும் ஆள் கேட்டும் வருகிறார்கள். எனக்கு இதுதான் பழக்கப்பட்ட ஊர் மாதிரி இருந்தது.

கெடு உண்டு. மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதம் என்பது நம்பிக்கை. ஆனால் இந்த ஏற்பாட்டில் நான் தொப்பியைக் கழற்றுகிற அம்சம் கெடு இல்லை, ராஜினாமா. வேலையை விடும் ராஜினாமா என்று நினைக்காதீர்கள். ராஜிநாமா என்றால் பழைய கோர்ட் பாஷையில் ராஜியாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். கோரிக்கை நிறைவேறியதும் மறுபடி வந்து, இன்ன தேதியில் நான் கொடுத்த பிராது முடிந்துவிட்டது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு தீரும். எங்கள் ஆபீஸில் ஒரு மனு முடிந்ததா இல்லையா என்று எழுதுவது நாங்கள். 'மனுதாரருக்கு உரிய பதில் அளிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியவன் நானே ஆயிரம் தடவை இருப்பேன். மனுதாரருக்குத் திருப்தியா என்று கேட்டதில்லை. இங்கே கோப்பை மூடும் அதிகாரம் மனுதாரர் கையில் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் இதைக் கொண்டுவந்தால் ஒரு கோப்பு மூடாது, அது வேறு விஷயம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ராஜினாமாவில் பிராது கொடுத்த தேதி தேவைப்படும் என்பதால் தாளை மடிக்கக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா இரண்டாக எடுத்துப் போங்கள். ஒன்று கடன் போய்விடும்.

திரும்பும் வழியில் ஊருக்குள் பழமலைநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வந்தோம். சுந்தரர் இந்த வழியாகப் போனபோது, ஊரும் பழசு, சாமியும் கிழம், அம்மனும் கிழம், இவர்கள் என்ன தரப் போகிறார்கள் என்று பாடாமலே நகர்ந்துவிட்டாராம். சிவன், கொளஞ்சியப்பரை வேடனாக அனுப்பி அவரிடம் இருந்ததைப் பறிக்கச் செய்து, திரும்பக் கூட்டிவந்தார் என்று சொல்கிறார்கள். பிறகு பாடி, 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாரே, ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை, அதே பொன்தான். அதில் என் போன்றவர்களுக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஆற்றில் போடும் முன் சுந்தரர் ஒரு துண்டு வெட்டி மச்சம், அதாவது மாதிரி, எடுத்து வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதனோடு உரசிப் பார்த்தால் மாற்று, அதாவது பொன்னின் தரம், குறைவு! விடுவாரா? மறுபடி பாடி, மாற்றைச் சரிசெய்து வாங்கிக்கொண்டார். மாற்றுரைத்த பிள்ளையார் என்று திருவாரூரில் இன்றும் ஒரு பிள்ளையார் இருக்கிறார். கடவுளிடம் வாங்கியதையே உரசிப் பார்த்து வாங்கிய மனுதாரர். அண்ணிக்கு இந்தக் கதையை ரயிலில் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் 53ஆம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குப் போன் வந்தது. அங்கே ஒன்பது மணி. புது நம்பர். அண்ணி எடுத்து, அலோ என்றதும் மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அண்ணி சண்டை, கல்யாணம், பதினாலு மாதம் எதையும் எடுக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார்கள். "ம், சாப்பிட்டேன்" என்றான். அவர்கள் மேலே பேசுவதற்குள், ரூமில் யாரோ கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். மொத்தம் 40 செகண்ட். போனில் காட்டினார்கள்.

நான் சந்தோஷமாக மறுநாளே ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு போனேன். "வாங்க அண்ணி, ராஜினாமா எழுதிடலாம். கேட்ட விவரம் வந்துடுச்சு."

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தவில்லை. "சாப்பிட்டேன்னுதான் சொன்னான். என்ன சாப்பிட்டான்னு சொல்லலையே."

"அண்ணி, நாம கேட்டது சாப்பிடறானான்னுதானே? பிராதுல அப்படித்தான் இருக்கு, படம் காட்டட்டுமா?"

"பொய் சொன்னா உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அந்த 'ம்' சரியில்ல."

தகவல் திருப்தியில்லை என்றால் முதல் மேல்முறையீடு உண்டு, 30 நாளுக்குள் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று வாரத்துக்குக் குறையாமல் இருக்கிறது. எழுதாத தாள் என் வீட்டு அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அண்ணி தினமும் ஆறு மணிக்கெல்லாம் போனைச் சார்ஜிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.